லோத்தர் வெட்டிய காகிதச் சுருள்

எங்கள் சந்தில் யாரிடமும் ரகசியம் கிடையாது. இருப்பதாக நினைத்துக்கொள்ளும் சுகம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. அந்தச் சுகத்தை அளவுக்கு மீறி அனுபவித்தவன் லோத்தர் டுஃப்னர்.

என் தையல் கடைக்கு நேர் எதிரே அவன் பட்டறை. அவன் அப்பா காலத்தில் வைத்த பெரிய ஜன்னல், ஒரு குதிரை வண்டி நுழையலாம் அதில். நான் தையல் மெஷினை என் ஜன்னலோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக மட்டுமே. கண் எதிர்ப்பக்கம் போனால் அது கண்ணின் குற்றம்.

எங்கள் வால்ட்கிர்ஹ் ஊரில் கல்லெறிந்தால் ஆர்கன் கட்டுகிறவன் தலையில்தான் விழும். குழாய் வழியே ஊதுகிற பெட்டி, கைப்பிடி சுற்றுகிற பெட்டி, ராட்டினத்தின் நடுவில் நின்று ஊரையே கூப்பிடுகிற பெட்டி என்று வீட்டுக்கு ஒரு பெட்டி. லோத்தர் செய்வது இந்த ரகம் எதுவும் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தி பெரிய ஹோட்டல்களில் ஒரு விசித்திரம் இருந்தது: தானாக வாசிக்கும் வயலினும் பியானோவும், இரண்டும் ஒரே அலமாரியில். பழையவற்றில் கொஞ்சம்தான் மிச்சம், வைத்திருக்கிறவர்கள் உயிர் போனாலும் விற்கமாட்டார்கள். ஆசைப்பட்டு ஏங்குகிறவர்களுக்கு லோத்தர் அச்சு அசலாகப் புதிது செய்து கொடுக்கிறான். ஒன்று செய்து முடிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவன் சொல்லும் காரணமும் அதுதான்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கீழே பியானோ. அதன் தலைமேல் கண்ணாடிக் கதவு போட்ட மாடம். மாடத்துக்குள் மூன்று வயலின்கள் நின்றுகொண்டிருக்கும். அவற்றைச் சுற்றி ஒரு வளையம், வளையம் முழுக்கக் குதிரைமயிர். அதுதான் வில். வளையம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த வயலின் வாசிக்க வேண்டுமோ அது சாய்ந்து மயிரைத் தொடும், குட்டிக் குட்டி விரல்கள் தந்தியை அழுத்தும். எது, எப்போது என்பதைக் காகிதச் சுருளில் உள்ள ஓட்டைகள் சொல்லும். ஓட்டையில் காற்று நுழையும், காற்று தோல் துருத்தியை அசைக்கும், மிச்சத்தைத் துருத்தி பார்த்துக்கொள்ளும். சுருளின் ஒரு ஓரத்து ஓட்டைகள் வயலினுக்கு, மறு ஓரத்து ஓட்டைகள் பியானோவின் கனத்த கட்டைகளுக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, வில் வயலினைத் தேடி வராது. வயலின்தான் சாய்ந்துகொடுக்க வேண்டும். யாரும் சாயாவிட்டால் வளையம் நாள் முழுக்கச் சுற்றினாலும் மூச்சு வராது. லோத்தரின் கதையும் கொஞ்ச காலமாக அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

விப்கே ஹார்ம்ஸ் எங்கள் இசைப்பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுப்பவள். வடக்கே ப்ரேமன்காரி. விவாகரத்து ஆனவள், உயரமானவள், பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை கத்தரித்துப் போடுவாள். அப்போது செய்துகொண்டிருந்த பெட்டியின் வயலின்களுக்குச் சுருதி பார்க்க லோத்தர் முதலில் வேறு இரண்டு வித்வான்களைத்தான் கூப்பிட்டான். ஓட்டைக் காகிதத்துக்கு நாங்கள் எடுபிடியா என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விப்கே மட்டும் வந்தாள், கோட்டைக் கழற்றாமலே மாடத்துக்குள் தலையை விட்டாள், அன்றிலிருந்து வாராவாரம் புதன்கிழமை வந்துகொண்டிருந்தாள். கோடைகாலத்தில் பட்டறை ஜன்னல் திறந்திருக்கும். அவர்கள் பேசுவது என் காதில் விழாமல் இருக்க நான் பஞ்சு வைத்துக்கொள்ளவா முடியும்.

"ஹெர் டுஃப்னர், உங்க நடு வயலின் தூங்குது."

"தூங்கல. யோசிக்குது."

"யோசிக்கிறதுக்கு நீங்க ஒருத்தர் போதும். அத வாசிக்கச் சொல்லுங்க."

"ஈரக்காத்து. தோல் இறுகல."

"ஈரக்காத்துல எனக்குந்தான் இறுகல. நான் வேலைக்கு வரலயா?"

இதுதான் அவர்கள் கொஞ்சல். இரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் ஹெர், ஃப்ராவ் என்று மரியாதையாகவே முறைத்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமைகளில் மட்டும் லோத்தர் சட்டைக் கை இஸ்திரி போட்டிருக்கும். இஸ்திரி போட்டது நான்தான், அதனால் தெரியும்.

இந்தப் பெட்டி சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றுக்குப் போக வேண்டியது. இலையுதிர் காலத்தில் வேலை முடியும் தறுவாயில் வந்து விழுந்தது செய்தி. ட்ரூடலின் ரொட்டிக் கடையில், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி விப்கேயே சொன்னாள். ப்ரேமனில் ஒரு இசைப்பள்ளிக்குத் தலைவியாக வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற திங்கள் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ட்ரூடல் ரொட்டியை நறுக்குவதை நிறுத்திவிட்டாள். "போறீங்களா என்ன?"

"ஏன் போகக் கூடாது? இங்க எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு விப்கே சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் ட்ரூடல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஹெடி, கேட்டியா? அவ கேட்ட கேள்விக்குப் பதிலு உன் எதிர் வீட்டுல ஒக்காந்து துருத்திக்கு கோந்து தடவுது."

"அது வாயத் தொறந்தா கோந்து காஞ்சுடுமாம்."

"நீ போய்ச் சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? மத்தவங்க விஷயத்துல நான் தலையிடறதில்ல."

ட்ரூடல் சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டி மேல் இருந்த மாவு பறந்தது.

நான் தலையிடவே இல்லை. தலை தானாக வந்தது. மறுநாள் மத்தியானம் லோத்தர் என் கடைக் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"பச்சைக் கம்பளித் துணி கொஞ்சம் வேணும், ஃப்ராவ் குட்யார்."

"போன வாரந்தான் வாங்கிட்டுப் போனே."

"தீந்துபோச்சு."

"அது மூணு பெட்டிக்கு வரும்னு நீயே சொன்னே."

அவன் பொத்தான் டப்பாவைத் திறந்தான், மூடினான். ஒரு பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள். அவன் கால்சட்டைக்கு நான் முதல் தடவை ஒட்டுப்போட்டபோது அவனுக்கு முன்பல் இல்லை. அந்த முகம் அப்படியே இருந்தது.

"நீங்க எப்பவும் ஜன்னல் பக்கத்துலயே இருக்கீங்க" என்றான்.

"வெளிச்சத்துக்கு."

"தெரியும், தெரியும். அதுக்கில்ல. ஃப்ராவ் ஹார்ம்ஸ் தந்திய முறுக்கறப்ப விசில் அடிப்பாங்களே, ஒரு மெட்டு. உங்க காதுல விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கலாம்."

"மொதல் பாதி எனக்கு வந்துடுச்சு. ரெண்டாவது பாதிதான் வரமாட்டேங்குது. அந்த எடம் வந்தா கையில இருக்கறத எதையாவது கீழ போட்டுடறேன்."

"எதுக்குப் போடறே?"

"அந்த எடத்துலதான் அவங்க திரும்பி என்னப் பாப்பாங்க."

நான் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தேன். அது நல்ல மெட்டு, ஆட்டத்துக்கு ஏற்றது. முதல் பாதி ஏணிப்படி ஏறுவதுபோல ஏறும், இரண்டாவது பாதி மேலே நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு படி ஏறும். லாலலா போட்டுப் பாடிக் காட்டினேன். உடுப்பு வெட்டும் மாதிரிக்கு நான் வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில் அவன் புள்ளி வைத்துக்கொண்டே போனான். திரும்பப் பாடச்சொன்னான். வாசலில் ஒரு அம்மாள் பாவாடைக்கு ஓரம் மடிக்க வந்து, நான் பாடுவதைப் பார்த்துப் பயந்து போய்விட்டாள்.

"என்ன பண்ணப்போறே இத வச்சு?"

"மொதல் சுருளு."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெட்டி முடிந்து, அதை மூட்டை கட்டும் முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக் கதவை விரியத் திறந்துவைப்பார்கள். அக்கம்பக்கத்தார் கேக் கொண்டுவர வேண்டும், அதைத் தாங்களே தின்றுகொண்டு கருத்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெட்டி வாசிக்கும் முதல் சுருள் எது என்று செய்தவனுக்கு மட்டுமே தெரியும். பெட்டியை வேறு சுருள் போட்டு எத்தனை தடவையும் சோதிக்கலாம். அந்த ஒன்றை மட்டும் செய்தவனே கூட முன்னால் ஓட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பெட்டிக்கு ஆகாது என்பார்கள். யாருக்கு ஆகாமல் போயிற்று என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஒருவரும் ஓட்டிப் பார்த்ததும் இல்லை.

வாயால் சொல்ல வக்கில்லாதவன் ஓட்டையால் சொல்லப்போகிறான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான் கதவருகில்.

நான் ட்ரூடலைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. ட்ரூடல் யாரிடம் சொன்னாள் என்பது ட்ரூடல் விஷயம்.

சிக்கல் என்னவென்றால் அந்தக் கடைசி நாட்களில் விப்கே தினமும் பள்ளிக்கூடம் விட்டுப் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தாள், விரல் விரலாகச் சரிபார்க்க. சுருள் வெட்டும் யந்திரம் பட்டறை நடுவில். காலையில் பெட்டி வேலைக்கே நேரம் போதாது; அவள் கண்ணில் படாமல் வெட்ட ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யந்திரம் ஓட்டுவது கொலைக்கு அடுத்த குற்றம். ஆணி அடித்தாலே பக்கத்து வீட்டுக்காரன் கடிகாரத்தோடு வாசலில் நிற்பான். அதனால் லோத்தர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கச் சமையலறைக்குப் போனான். கையாலேயே வெட்டலாம் என்று முடிவு.

சமையலறை ஜன்னல் ட்ரூடலின் கொல்லையைப் பார்த்தது. மிச்சத்தை அவள்தான் எனக்குச் சொன்னாள். கணக்குப் போட்ட மூலக் காகிதத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினானாம். அதன்மேல் சுருள் காகிதத்தை வைத்து, வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியாகப் படியெடுத்தானாம். பிறகு தரையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, சுத்தியலுக்குத் துண்டு சுற்றி, மண்டியிட்டு உட்கார்ந்து ஓட்டை போட்டானாம். அப்படியும் டொக் டொக் என்று சுவர் வழியே வந்தது. ட்ரூடலின் புருஷன் எகோன் படுக்கையை விட்டு எழுந்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா எவன் தட்றான்?"

"வாய மூடிட்டுப் படு. அது கல்யாண வேல."

அந்தச் சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. நான் ப்ளம்ஸ் போட்ட தட்டுக் கேக் கொண்டுபோனேன். ட்ரூடல் வழக்கம்போல எல்லோரையும் விடப் பெரியதாக ஒன்று கொண்டுவந்தாள். சந்து முழுக்க வந்திருந்தது, பக்கத்துச் சந்திலிருந்தும் கொஞ்சம் பேர். ஓட்டைக் காகிதத்தைப் பழித்த அந்த வித்வான்களில் ஒருவர்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விப்கே சாம்பல் நிறப் பாவாடை, கழுத்தில் சிவப்புத் துணி. ப்ரேமனுக்குப் போகிறவள்போலவும் இல்லை, போகாதவள்போலவும் இல்லை.

இருபது பேர் முகத்திலும் ஒரே எதிர்பார்ப்பு. விஷயம் தெரியாதவள் விப்கே ஒருத்திதான். எங்களுக்குத் தெரியும் என்பது லோத்தருக்குத் தெரியக் கூடாதே என்று எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

லோத்தர் அவன் அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். சுருளை மாட்டினான். நுனியைக் கீழ் உருளையில் கோத்தான். விசையைத் தள்ளினான். குதிரைமயிர் வளையம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

பியானோவின் அடிமட்டத்திலிருந்து ஒரு உறுமல் வந்தது. கரடி ஒன்று தூக்கக் கலக்கத்தில் மாடிப்படி இறங்குவதுபோல, ஒவ்வொரு படியாக. நான் பாடிக்கொடுத்த மெட்டு எங்கே ஏற வேண்டுமோ அங்கெல்லாம் கரடி இறங்கியது. மேலே இரண்டு படி ஏற வேண்டிய இடத்தில் பாதாளத்துக்கு இரண்டு படி இறங்கியது. வயலின்கள் மெட்டை வாசிக்கவே இல்லை. பியானோ போட வேண்டிய தாளத்தை அவைதான் போட்டன. மூன்றும் ஒன்றாகச் சாயும், க்ரீச் என்னும், பின்வாங்கும், மறுபடி சாயும். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் விக்கல் வந்த மாதிரி. வளையம் திடீரென்று பறந்தது, திடீரென்று செத்தது.

லோத்தர் சிலையாகிவிட்டான். நிறுத்தவும் முடியாது. முதல் சுருளை நடுவில் நிறுத்தக் கூடாது, அதுவும் வழக்கம்.

"இப்பல்லாம் இப்படித்தான் இசையாம்" என்று எகோன் என் காதில் சொன்னான். ட்ரூடல் அவன் காலை மிதித்தாள். எங்களில் யாரும் மெல்லவில்லை. வாயில் போட்ட கேக் போட்டபடி கரடி அடித்தளம் போய்ச் சேரும்வரை காத்திருந்தோம். சுருளைத் திருப்பிச் சுற்றச் சொல்லும் ஓட்டையும் இடம் மாறிப்போயிருக்க வேண்டும், காகிதத்தின் வால் உருளையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. லோத்தர் கைநீட்டி விசையை அணைத்தான்.

வித்வான் தொண்டையைச் செருமினார். நான் பார்த்த பார்வையில் செருமலை விழுங்கிவிட்டார்.

"இது என்ன சுருளு?" என்று கேட்டாள் விப்கே.

லோத்தர் கறுப்புக் கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"யார் வெட்டினது?"

"நான்தான்."

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து சுருளைக் கையாலேயே திருப்பிச் சுற்றினாள், கழற்றினாள், பெரிய ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தாள். இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஓட்டை படிக்க வந்துவிட்டது. விரல் கொஞ்ச தூரம் போயிற்று, நின்றது. காகிதத்தை முன்பின்னாகத் திருப்பினாள். விரல் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. இந்தத் தடவை உதடும் குவிந்தது. மெல்ல விசில் வந்தது, சரியான மெட்டு, ஏற வேண்டிய இடத்தில் ஏறி. இரண்டாவது பாதியில் விசில் நின்றுவிட்டது.

"பொறம் மாறிப்போச்சு, ஹெர் டுஃப்னர். எடது வலதாயிடுச்சு."

"ஜன்னல் கண்ணாடியில வச்சு வரைஞ்சேன். காகிதத்தத் திருப்பிப் போட்டுட்டேன் போல."

"வாழ்நாள் பூரா செய்யற வேல இது."

"சமையல்கட்டுல செஞ்சதில்ல."

"சமையல்கட்டுல எதுக்குச் செய்யணும்?"

லோத்தர் பட்டறையைப் பார்த்தான், யந்திரத்தைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "பட்டறையில நீங்க இருந்தீங்க."

அவள் காகிதத்தை நிதானமாகச் சுருட்டினாள். "இது நான் விசில் அடிக்கிறது. இதுக்குப் பேரு கூட இல்ல."

"தெரியும்."

"திரும்பச் சரியா வெட்ட எவ்ளோ நாளாகும்?"

"பெட்டிய அனுப்பற வேலையும் இருக்கு. மூணு வாரமாவது ஆகும்."

"நான் திங்கக்கிழம ப்ரேமனுக்குச் சொல்லியாகணும்."

"தெரியும்."

"அப்ப சுருளு ஆகாது. வாயால சொல்லுங்க."

 எகோன் மட்டும் இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டினான், பிறகு அந்தரத்தில் வைத்திருந்தான். லோத்தர் வாயைத் திறந்தான். எங்களைப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் நாகரிகமாக கேக்கைப் பார்த்தோம். ஒருவரும் நகரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நகர்ந்துபோகிறவர் யாராவது இருந்தால் அவரை எனக்குத் தெரியாது.

"இத்தன பேரு முன்னாடியா?" என்றான்.

விப்கேயும் திரும்பி எங்களைப் பார்த்தாள். எல்லோரையும் என்று சொல்லவேண்டும், ஆனால் பார்வை என் மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு அதே சுருளை, அதே தப்பான பக்கமாகவே, திரும்ப மாட்டினாள். சத்தம் கூட்டும் பிடியைக் கடைசிவரை தள்ளினாள். விசையைத் தட்டினாள். லோத்தரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

கரடி இந்தத் தடவை வீடே அதிர இறங்கியது. வயலின்கள் அலறின. கண்ணாடிக் கதவு கிடுகிடுத்தது. மாடத்தின் முன் கண்ணாடி, பின் கண்ணாடி வழியாக அவர்கள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு வயலின் சாயும்போது லோத்தரின் தாடை, அது பின்வாங்கும்போது விப்கேயின் காது. லோத்தர் பேசினான். எங்கள் எதிரில் ஐந்து வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத லோத்தர் பேசிக்கொண்டே இருந்தான். கையால் ஏதோ பெரிதாகக் காட்டினான். அவள் ஒன்று கேட்டாள். அவன் தலையாட்டினான், இல்லை என்றா ஆமாம் என்றா தெரிவதற்குள் மூன்றாவது வயலின் மறைத்துவிட்டது.

நான் கேக் தட்டை நேராக வைக்கலாம் என்று பெட்டிப்பக்கம் போனேன்.

"தட்டு இந்தப் பக்கம் இருக்கு, ஹெடி" என்றாள் ட்ரூடல். அவளே எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"கரடிதான் கேக்குது."

காகிதத்தின் வால் படபடத்தது. விப்கே வந்து விசையை அணைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. லோத்தர் பின்னால் வந்தான், கறுப்புக் கோட்டின் தோள் முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்பு.

"காப்பி ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்க" என்றான்.

அவ்வளவுதான். பிறகு நல்ல சுருள்களாகப் போட்டான். பெட்டி அற்புதமாக வாசித்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். மூன்று வயலினும் ஒருத்தி அழுது முடித்துச் சிரிக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. வித்வான்கூடக் கடைசியில் கையை முன்னால் கொண்டுவந்து தட்டினார். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடினோம். எகோன் என்னை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மூச்சுவாங்கினான். விப்கே வித்வானோடு ஆடினாள், ட்ரூடலோடு ஆடினாள், லோத்தரோடு ஆடவில்லை. அதைப் பற்றி நாங்கள் பிறகு வெகுநேரம் பேச வேண்டியிருந்தது.

கிளம்பும்போது அவள் கதவருகில் திரும்பினாள். "மூணாவது தந்தி எறங்கிடுச்சு, லோத்தர். நான் பாத்துக்கறேன். நீ தொடாதே."

ட்ரூடல் என் கையைக் கிள்ளினாள். தெருவுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "நீன்னு சொன்னா, கேட்டியா?"

"கேட்டேன். அத மட்டும் வச்சு கல்யாணத்த முடிச்சுடாதே. கோவத்துலயும் சொல்லலாம்."

"கோவமா இருந்தா நீயே தொட்டுக்கோன்னு விட்டிருப்பா."

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்தது, மழையில் யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று குடை காட்டுவதில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு மணப்பெண் உடுப்பை ஜன்னலோரம் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளி இடைவேளையில் விப்கே சந்து முனையில் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று போனில் பேசினாள். முன்னும் பின்னும் நடந்தாள். கீழே உதிர்ந்து கிடந்த கஷ்கொட்டைக் காய் ஒன்றைக் காலால் எத்திக்கொண்டே பேசினாள். சிரித்தாளா, நெற்றியைச் சுருக்கினாளா, அந்தத் தூரத்துக்கு என் கண்ணாடி போதவில்லை. பேசி முடித்து போனைப் பையில் போட்டாள். நேராக என் கடைக்கு நடந்து வந்தாள். நான் மணப்பெண் உடுப்பின் ஓரம் மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"ஃப்ராவ் குட்யார், ஒரு அளவெடுக்கணும். எதிர்ல வர முடியுமா?"

"எதுக்கு?"

"பட்டற ஜன்னலுக்கு. ஒரு தெர தைக்கணும்."

நான் ஊசியைக் குத்தி வைத்தேன். ஊரை விட்டுப் போகிறவள் யாரும் திரைக்கு அளவெடுக்கக் கூப்பிடமாட்டாள். அது எனக்குப் போதும், ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது.

"அப்ப ப்ரேமன்?"

"அங்க நெறைய பேரு இருக்காங்க. ஒருத்தர் கெடைப்பாங்க." அவள் அதற்குள் துணிக் கட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். மெல்லிய வெள்ளையைத் தாண்டிப் போனாள். பூப்போட்டதைத் தாண்டிப் போனாள். அலமாரியின் அடியில் இருந்த கருநீல வெல்வெட்டை இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். "இது வழியா ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது" என்றேன். தொழிலில் நான் பொய் சொல்வதில்லை.

"உள்துணியும் வச்சுத் தைங்க."

"பட்டறைக்கு வெளிச்சம் வேணுமே."

"வேல நேரத்துல தொறந்துதான் இருக்கும்."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவளோடு எதிர்ப்பக்கம் போனேன். லோத்தர் மும்முரமாகப் பெட்டிக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துத் தலையசைத்தான், காது சிவந்திருந்தது. நான் ஏணியில் ஏறினேன். விப்கே கீழே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தாலும் பேச எனக்கு வரும்.

"அன்னிக்கு அவன் என்னதான் சொன்னான்?"

விப்கே அளவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "சத்தத்துல எனக்கே சரியாக் கேக்கல, ஃப்ராவ் குட்யார்."

சட்டம் அடித்துக்கொண்டிருந்தவனின் சுத்தியல் ஒரு தடவை தவறி விரலில் விழுந்தது. அவன் சத்தம் போடவில்லை. சிரித்தான்.

ஹோட்டல்காரர்கள் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள், மிகத் திருப்தியாம். திரையை அதற்கு முன்பே முடித்துக்கொடுத்துவிட்டேன். ட்ரூடலுக்கு ஒரே கோபம், கொஞ்சம் குட்டையாகத் தைத்திருக்கக் கூடாதா என்று. என் தையலில் குறை வைத்து எனக்குப் பழக்கமில்லை. கீழே ஈயக் குண்டுகூட வைத்தேன், காற்றுக்கு ஒரு மூலை தூக்காமல் இருக்க. சாயங்காலம் விளக்குப் போட்டதும் விப்கே வந்து அதை இழுத்துவிடுவாள். ஒரு மடிப்பு கோணாமல் நேராக விழும், இந்தச் சந்திலேயே இவ்வளவு நன்றாக விழுகிற திரை வேறு வீட்டில் இல்லை.